பகலில் தூங்குகிறவருக்கு ஒரு திரை

நெய்வேலி நகரியத்திலும் மந்தாரக்குப்பம், வடலூர், குறிஞ்சிப்பாடி பக்கங்களிலும் சுற்றுலா வேன் வைத்திருக்கும் உரிமையாளர்களுக்கு ஒரு குஷன் கடைக்காரரின் திறந்த மடல்.

அண்ணன் தம்பிகளே,

உங்களில் பலருடைய வண்டிக்கு சீட் கவர் தைத்திருக்கிறேன், ரெக்ஸின் மாற்றியிருக்கிறேன், கிழிந்த கூரைத் துணியை இழுத்து ஒட்டியிருக்கிறேன். கார்த்திகை பிறக்கும் முன்னாலும், பள்ளிக்கூடம் லீவு விடும் முன்னாலும் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவீர்கள். கடைசியில், சாவியைக் கையில் கொடுக்கும்போது, "அப்படியே ஸ்கிரீனையும் மாத்திடுங்க" என்பீர்கள். என்ன கலர் என்று கேட்பேன். மெரூன், நீலம், சில பேர் தங்கக் கரை வைத்த வெல்வெட். ஃபிரில் வேண்டுமா, குஞ்சம் வேண்டுமா என்பதுவரை பேசியிருக்கிறோம். அந்தத் திரை யாருக்காக என்று ஒருநாளும் பேசியதில்லை. இப்போது பேசலாம் என்று நினைக்கிறேன்.

சவாரிக்காரர்களுக்காக என்பீர்கள். யோசித்துப் பாருங்கள். நம் ஊர் டூர் எப்படிப் போகிறது? ராத்திரி சாப்பாடு முடிந்து ஆர்ச் கேட்டிலோ பிளாக் முனையிலோ ஆளை ஏற்றுவோம். விடியும்போது பழனி, ராமேஸ்வரம், வேளாங்கண்ணி எதுவானாலும் போய்ச் சேர்ந்திருக்கும். ராத்திரி முழுக்க ஜன்னலுக்கு வெளியே இருட்டு. திரை இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். விடிந்ததும் சவாரிக்காரர்கள் இறங்கி அறைக்கும் கோயிலுக்கும் கடற்கரைக்கும் போய்விடுவார்கள். வண்டியில் மிஞ்சுவது ஒரே ஒருவர், ராத்திரி முழுக்கக் கண் விழித்து ஓட்டிவந்த டிரைவர். அவருக்குக் கிடைத்திருப்பது பகல் தூக்கம் ஒன்றுதான். அன்று சாயங்காலம் அவர்தான் மறுபடி ஸ்டியரிங் பிடிக்க வேண்டும்.

ஆகவே சுற்றுலா வேனின் ஜன்னல் திரை முதலில் டிரைவருக்குத்தான். மற்றவர்களுக்கெல்லாம் அது அலங்காரம். அவருக்கு அது படுக்கையறைச் சுவர்.

இதைச் சொல்லிப் புரியவைக்க நெய்வேலியைவிடத் தோதான ஊர் கிடையாது. 1957-ல் சுரங்கம் வெட்டத் தொடங்கி, 1962-ல் முதல் அனல் மின் நிலையம் ஓட ஆரம்பித்த நாளிலிருந்து இது ஷிஃப்ட் ஊர். நைட் ஷிஃப்ட் முடிந்து அப்பா வந்து படுத்தால் வீட்டில் ரேடியோ சத்தம் குறையும். சமையலறைப் பாத்திரம்கூட மெதுவாகத்தான் கீழே வைக்கப்படும். பழைய போர்வை, நியூஸ் பேப்பர், கோரைப்பாய் என்று கைக்குக் கிடைத்ததை ஜன்னலில் கட்டி அறையை இருட்டாக்கத் தெரிந்த அம்மாக்கள் எல்லா பிளாக்கிலும் இருந்தார்கள். தூக்கம் கெட்டவனை இயந்திரத்தின் முன் நிறுத்தக்கூடாது என்பது இந்த ஊரில் மூன்று தலைமுறைப் பாடம். அந்தப் பாடத்தை நம் வேனுக்குள் மட்டும் நாம் கொண்டுபோகவில்லை.

சட்டமும் டிரைவரின் ஓய்வை மறக்கவில்லை. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே வந்தது. பொதுவாக நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை என்று அது வரையறுத்தது. லாரி கேபின்களுக்கு ஏ.சி. கட்டாயம் என்று 2023 டிசம்பரில் மத்திய அரசு அறிவித்து, 2025 அக்டோபர் முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளுக்கு அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில், ஹோட்டலும் லாட்ஜும் விருந்தினரின் டிரைவர்கள் தங்க இடம் தரவேண்டும் என்று 2023-ல் கட்டட விதிகளே திருத்தப்பட்டன. எல்லாம் நல்லதுதான். ஆனால் சித்திரை மாதம், கோயில் பார்க்கிங், பகல் பதினொரு மணி என்று வரும்போது டிரைவரைக் காப்பாற்றுவது நாம் மாட்டிக்கொடுத்த துணிதான்.

அந்தப் பதினொரு மணிக்கு என்ன நடக்கிறது? கண்ணாடி வெளிச்சத்தை உள்ளே விடும். அந்த வெளிச்சம் சீட்டிலும் தரையிலும் பட்டுச் சூடாக மாறும். மாறிய சூட்டைக் கண்ணாடி சுலபத்தில் வெளியே விடாது. வெளியே 38 டிகிரி இருக்கும் நாளில் மூடிய வண்டிக்குள் 50-ஐத் தாண்டுவது சர்வ சாதாரணம். இங்கேதான் மெரூன் வெல்வெட் நம்மை ஏமாற்றுகிறது. அது வெளிச்சத்தை மறைக்கும், உண்மை. ஆனால் அடர்ந்த நிறம் வெயிலை முழுக்கக் குடித்துத் தானே சூடாகிவிடும். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெயிலாயிற்றே, சூடு போவதற்கு வேறு இடம் கிடையாது. உள்ளே இருட்டு இருக்கும், வேக்காடும் இருக்கும். டிரைவர் என்ன செய்வார்? திரையை ஒதுக்கி ஜன்னலைத் திறப்பார். காற்று வரும், கூடவே வெயில் முகத்தில் அடிக்கும். தூக்கம் போயிற்று.

சிலர் வண்டியை ஆஃப் செய்யாமல் ஏ.சி. போட்டுத் தூங்கச் சொல்கிறார்கள். டீசல் செலவை விடுங்கள், அதில் உயிர் ஆபத்து இருக்கிறது. சினிமாக்காரர்கள் வைத்திருக்கும் கேரவன் நமக்குத் தெரியும். கேரளத்தில் 2021-லிருந்து சுற்றுலாவுக்கே கேரவன்களை அரசு ஊக்கப்படுத்தி வருகிறது. படுக்கை, சமையல் மேடை, கழிப்பறை எல்லாம் உள்ள ஓடும் வீடு அது. அங்கே வடகரையில் 2024 டிசம்பரில் சாலையோரம் நின்றிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டர் போட்டு ஏ.சி.யில் தூங்கியிருந்தார்கள். ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் கசிந்ததுதான் காரணம் என்று கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்களின் சோதனை சொன்னது. அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். லட்சக்கணக்கில் செலவு செய்து கட்டிய வண்டிக்கே அந்தக் கதி. என்ஜினை நிறுத்திவிட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, வெயிலை மட்டும் வெளியே நிறுத்தத் தெரிந்தால் அந்த ஆபத்தே கிடையாது. திரையின் வேலை அதுதான்.

சரி, எப்படிச் செய்வது? தொழில்காரனாக நான் பார்ப்பதைச் சொல்கிறேன்.

மாற்றும் முன் பழைய திரையைக் கழற்றி வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். நெடுக கோடு கோடாக வெளுத்திருக்கும். மடிப்பின் வெளி விளிம்பு மட்டும் வெயிலில் காய்ந்து நிறம் போயிருக்கும், உள்மடிப்பு கடையில் வாங்கிய நாள் போலவே இருக்கும். வெளுத்த கோட்டில் இரண்டு கட்டைவிரலையும் வைத்து இழுங்கள். அப்பளம் போல நொறுங்கினால் துணி முடிந்தது, அதில் தையல் போடுவது வீண். தாங்கினால் துணிக்கு இன்னும் ஆயுசு உண்டு, கெட்டது வேறு எங்கோ. பெரும்பாலும் அது மேல் பட்டைதான். கொக்கி ஏறும் இடத்தில் தையல் விட்டிருக்கும், அல்லது திரை கோத்த ஸ்பிரிங் கம்பி தளர்ந்து நடுவில் தொங்கியிருக்கும். தொங்கினால் மேலே ஒரு கீற்று வெளிச்சம் வரும். பகலில் தூங்குகிறவருக்கு அந்த ஒரு கீற்று போதும். பட்டையைப் பிரித்து, உள்ளே புது நாடா வைத்து இரட்டைத் தையல் போட்டு, கம்பியை எடுத்துவிட்டு அலுமினிய சேனலும் ரன்னரும் வைத்தால் அதே துணி இன்னும் சில சீசன் ஓடும். கீழேயும் ஒரு சேனல் வேண்டும். இல்லாவிட்டால் வண்டி ஓடும்போது துணி பறந்து பறந்து மேல் பட்டையைத்தான் பிய்க்கும்.

சில புது வண்டிகளில் சுருள் திரை வருகிறது. இழுத்தால் இறங்கும், விட்டால் ஸ்பிரிங்கில் ஏறும். ஏறவில்லை என்றதும் கெட்டுவிட்டது என்று பிடுங்கிப் போட்டுவிடுகிறார்கள். பாதி கேஸ்களில் ஸ்பிரிங்கில் முறுக்கு குறைந்திருக்கும், அவ்வளவுதான். திரையைப் பாதி இறக்கி, அந்த நிலையில் உருளையைத் தாங்கியிலிருந்து கழற்றி, துணியைக் கையால் சுருட்டி மறுபடி மாட்டுங்கள். முறுக்கு ஏறிவிடும். போதாவிட்டால் இன்னொரு முறை. ஒரேயடியாக ஏற்றிவிடவும் கூடாது, கை விட்டால் மேலே அறைந்து ஸ்பிரிங் அறுந்துபோகும். வெளிநாட்டுக் கேம்பர் வேனில் வருகிற கொசுவ மடிப்புத் திரை நம் பக்கம் அபூர்வம். அதில் கயிறு அறுந்தால் ஒவ்வொரு மடிப்பிலும் திரும்பக் கோக்க வேண்டும். பொறுமை இருந்தால் செய்யலாம்.

நம் ஊருக்கே உரிய ஒரு சங்கடம் தூசு. சுரங்க மண், பழுப்பு நிலக்கரித் துகள், சாம்பல் எல்லாம் சேனலுக்குள் போய் உட்காரும். ரன்னர் நகராது. நகராததை வெடுக்கென்று இழுப்போம், கிழியும். எண்ணெய் விட்டால் இன்னும் மோசம், தூசு அதில் ஒட்டிப் பசையாகிவிடும். பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்துவிட்டு, மெழுகுவர்த்தியை ஒரு தேய்ப்பு தேய்த்தால் போதும். இப்படிச் சரிசெய்ய எனக்கு ஆகும் கூலி ஒரு சவாரியின் டீசல் காசைத் தொடாது. புதுத் திரை விற்றால் எனக்கு லாபம் அதிகம், தெரிந்துதான் சொல்கிறேன்.

துணி போய்விட்டது, மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் உள்பக்கம் எந்த நிறமும் இருக்கட்டும். கண்ணாடியைப் பார்க்கும் பக்கம் வெள்ளையோ வெள்ளியோ இருக்க வேண்டும். பிளாக்அவுட் துணி என்றே விற்கிறது. அதில் வெளிச்சம் ஊடுருவாது, வெளிறிய பக்கம் வெயிலைத் திருப்பி அடிக்கும். முன் கண்ணாடிக்குத் திரையே வேண்டாம், நிறுத்தும்போது மட்டும் வைக்கிற தட்டி போதும். பழைய நியூஸ் பேப்பரைக் கண்ணாடியில் ஒட்டி அளவு வெட்டிக்கொண்டு, அதே அளவில் வெள்ளிப் பூச்சுள்ள பபிள் ஃபாயிலை வெட்டி ஓரம் தைத்தால், அழுத்தி வைத்ததும் நிற்கும். சுருட்டினால் சீட்டுக்கடியில் போய்விடும்.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு, காசும் குறைவு. வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே தடுத்துவிடுவது. நர்சரிக்காரர்கள் செடிக்கு மேலே கட்டும் நிழல்வலையைப் பார்த்திருப்பீர்கள். 50 சதவீதம், 75 சதவீதம் என்று நிழலின் அளவு சொல்லியே விற்பார்கள். பண்ருட்டியிலோ கடலூரிலோ மீட்டர் கணக்கில் கிடைக்கும். 75 சதவீத வலையை வண்டியின் நீளத்துக்கு வெட்டி, ஓரத்தில் பட்டை வைத்துத் தைத்து, கண்ணி அடித்து, மேலே கேரியரில் கட்டித் தொங்கவிட்டால் ஜன்னலைத் திறந்துவைத்தே தூங்கலாம். வலையில் காற்று நுழையும். வெயில் வலையிலேயே சூடாகி வெளியிலேயே போய்விடும். நம் தாத்தாக்கள் ஜன்னலுக்கு வெளியே வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளித்ததும் இதே கணக்குதான். அந்த வெட்டிவேர் விளைவது நம் கடலூர் மாவட்டக் கடற்கரை மணலில்தான் என்பதையும் சொல்லிவைக்கிறேன். கிளம்பும்போது வலையை அவிழ்த்து உள்ளே போட மறக்கக்கூடாது. வண்டியை நிறுத்தும்போதும் ஒரு கவனம் வேண்டும். முகப்பு கிழக்கிலோ மேற்கிலோ இருக்கும்படி நிறுத்தினால் நீளமான இரண்டு பக்கமும் வடக்கு, தெற்கு பார்க்கும். சாயங்கால மேல்வெயில் பக்கவாட்டு ஜன்னல்களில் நேராக அடிக்காது.

கருப்பு ஃபிலிம் ஒட்டிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100-வது விதி, முன், பின் கண்ணாடிகள் குறைந்தது 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதமும் வெளிச்சத்தை விடவேண்டும் என்கிறது. கண்ணாடியில் மேற்கொண்டு எந்த ஃபிலிமும் ஒட்டக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரல் 27-ல் உத்தரவிட்டது. விதி பின்னால் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தத்தை வைத்து, வரம்புக்குள் இருந்தால் ஃபிலிம் குற்றமில்லை என்று கேரள உயர் நீதிமன்றம் 2024-ல் சொன்னது. அதை நம்பி இங்கே ஒட்டிவிட்டு ரோட்டில் நின்று வாதாட வேண்டாம். வரம்புக்குள் இருக்கும் ஃபிலிமால் அறை இருட்டாகப் போவதும் இல்லை. திரை விஷயத்திலும் ஜாக்கிரதை தேவை. 2021 ஜனவரியில் கேரள மோட்டார் வாகனத் துறை 'ஆபரேஷன் ஸ்கிரீன்' என்று பெயர் வைத்தே சோதனை நடத்தி, ஃபிலிமோடு திரைகளுக்கும் அபராதம் போட்டது. சபரிமலைக்குப் போகிற வண்டிகள் எல்லையைத் தாண்டித்தான் ஆகவேண்டும். ஓடும்போது டிரைவர் பக்க ஜன்னல், முன் கண்ணாடி, பின் கண்ணாடி மூன்றிலும் ஒரு முழத் துணிகூட இருக்கக்கூடாது. மற்ற ஜன்னல்களில் திரையை ஒதுக்கிக் கட்டிவையுங்கள். இறுக்கித் தைத்த திரையைவிட இழுத்தால் நகரும் திரை மேல் என்று நான் மல்லுக்கட்டுவது இதற்கும் சேர்த்துத்தான்.

தீ விஷயத்துக்கு வருகிறேன். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில் மதுரை ரயில் நிலையத்தில் நிறுத்தி வைத்திருந்த சுற்றுலாப் பெட்டியில் தீப்பிடித்து 9 பேர் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். லக்னோவிலிருந்து யாத்திரை வந்தவர்கள் விதியை மீறிக் கேஸ் சிலிண்டர் வைத்திருந்தார்கள். நம் டூரிலும் வண்டிக்குள் அடுப்பு, கொசுவத்தி, கற்பூரம் எல்லாம் நடமாடுகின்றன. திரைத்துணியில் ஒரு துண்டு வெட்டி, வெளியில் வைத்து, இடுக்கியால் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகித வாசனையோடு எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் சுருங்கி உருகிக் கொதிக்கும் சொட்டாக விழும், கீழே தூங்குகிறவர் மேல். குஞ்சமும் ஃபிரில்லும் தீக்கு ஏணி வைத்துக் கொடுப்பதுதான். தீப்பிடித்தாலும் பரவாத ரகம் என்று எழுதி விற்கும் துணியைக் கேட்டு வாங்குங்கள். அவசர வழி ஜன்னலில் திரையை ஆணி, ஸ்க்ரூ வைத்து அடைக்கச் சொன்னால் இனி நான் செய்வதாக இல்லை. அங்கே வெல்க்ரோ டேப் மட்டும்தான். இருட்டில், புகையில், ஒரு கையால் இழுத்தால் முழுசாகக் கையோடு வரவேண்டும்.

படுக்கை போடலாமா, சீட்டைக் கழற்றி வண்டியையே குட்டி கேரவன் ஆக்கலாமா என்று ரிட்டையரான சில அண்ணன்கள் கேட்கிறார்கள். ஆசை நியாயமானது. ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிற சீட் எண்ணிக்கையை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு குறுக்கே வரும். ஆர்.டி.ஓ. அனுமதியில்லாமல் தொடாதீர்கள். திரையும் நிழல்வலையும் அந்தக் கணக்கில் வராதவை. அவற்றைச் சரியாகச் செய்தாலே பாதி கேரவன் கிடைத்துவிடும்.

உங்களிடம் கேட்பது மூன்று காரியம். அடுத்த எஃப்.சி. வேலைக்கு வண்டி வரும்போது பெயிண்ட்டோடு திரையையும் கணக்கில் சேருங்கள், சாவி கொடுக்கும் நேரத்து ஞாபகமாக வைக்காதீர்கள். இரண்டாவது, என்ன துணி, எந்த ஜன்னலில் கீற்று விழுகிறது, எந்தப் பக்கம் அனல் என்பதை டிரைவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். முடிந்தால் அவரையே கடைக்கு அனுப்புங்கள். அவர் சொல்லும் அளவில்தான் வெட்டுவேன். மூன்றாவது, சவாரி பேசும்போதே டிரைவர் தூங்க இத்தனை மணி நேரம் என்று பார்ட்டியிடம் சொல்லிவிடுங்கள். பகலில் வந்து கதவைத் தட்டி "பக்கத்துல ஒரு கோயில் இருக்காம், போயிட்டு வந்துடலாம்" என்பவர்களை எந்தத் திரையாலும் தடுக்க முடியாது. அதை உரிமையாளர்தான் தடுக்க வேண்டும்.

பக்கத்து வடலூரில் தைப்பூசத்தன்று ஏழு திரையை ஒவ்வொன்றாக விலக்கி ஜோதி காட்டுகிறார்கள். அதைப் பார்க்க ஆளை ஏற்றிவந்து நிற்கும் வேன்களில் எத்தனையில் ஒரு திரையாவது மூலை முதல் மூலை வரை ஒழுங்காக இழுபடுகிறது என்று அடுத்த பூசத்துக்குப் போகும்போது பாருங்கள்.

இதெல்லாம் மிகை என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு யோசனை. கத்திரி வெயிலில் ஒருநாள், மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, உங்கள் வண்டியை நிழலில்லாத இடத்தில் நிறுத்துங்கள். என்ஜினை ஆஃப் செய்துவிட்டுப் பின் சீட்டில் நீங்களே படுங்கள். ஒரு மணி நேரம் தூங்க முடிந்தால் திரை நன்றாக இருக்கிறது, என்னிடம் வரவேண்டாம். முடியாவிட்டால் அன்று சாயங்காலமே வண்டியைக் கொண்டுவாருங்கள். கடை எட்டு மணி வரை திறந்திருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் வண்டிகளுக்குத் தைத்துப் பிழைக்கும்
மந்தாரக்குப்பத்துக் குஷன் கடைக்காரர்